குக்குரிக்கு ஓர் உறை

மாஹிம் மேற்கில் நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் கட்டிடத்தின் காவலர், சென்ற ஆவணியில் ஓர் உதவி கேட்டார். தந்தை விட்டுச்சென்ற குக்குரிக்கு உறை இல்லை. 2005 ஜூலை 26 அன்று மித்தி ஆறு கரைமீறி ஊருக்குள் புகுந்தபோது, அவர் அந்நாளில் குடியிருந்த அறையில் இடுப்பளவு நீர் நின்றது. தகரப்பெட்டிக்குள் இருந்த கத்தி பிழைத்தது. உறையின் மரம் ஊறிப் பிளந்தது. மேலிருந்த தோல் பூஞ்சை பிடித்துச் சில வாரங்களில் உதிர்ந்தது. அன்றுமுதல் அந்தக் கத்தி எண்ணெய்த்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டே கிடக்கிறது. தசைன் திருநாளின் நவமியன்று ஆயுதங்களை வைத்து வழிபடுவது நேபாள மரபு. அதற்குள் ஓர் உறை வேண்டும். "தாராவியில் உங்கள் ஊர்க்காரர்கள்தானே தோல் வேலை செய்கிறார்கள், கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகத் தாராவித் தமிழைப் பதிவுசெய்து வருகிறவன் நான். இரண்டு ஆண்டுகளாக அங்கே போய்வந்தும், 'உங்கள் ஊர்க்காரர்கள்' என்று அவர் இயல்பாகச் சொன்ன தொடர் என்னைச் சற்று நிறுத்தியது. பின்வருவது ஓர் உறை செய்யக் கொடுத்த கதை. அதன் ஊடாக அலகின் வரலாறும் உறையின் வரலாறும் ஏன் ஒரே புத்தகத்தில் எழுதப்படவில்லை என்ற கேள்வியும் வருகிறது. காவலரும் உறை தைத்த பெரியவரும் எழுத இசைவு தந்தனர். பெயர்கள் வேண்டாம் என்றனர்.

பெயரைப் பற்றிச் சொல்ல இன்னொன்று உண்டு. கட்டிடத்தில் அனைவரும் அவரைப் 'பகதூர்' என்று அழைக்கின்றனர். அது அவர் பெயரன்று. மும்பையின் நேபாளக் காவலர்கள் பலருக்கும் அதுவே பெயர். வீரன் என்று பொருள்படும் பாரசீகச் சொல், இரவு முழுவதும் வாயிற்கதவைத் திறந்து மூடும் தொழிலுக்கான விளியாகத் தேய்ந்துவிட்டது. தமிழில் 'கூர்க்கா' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. கோர்க்கா என்பது நேபாளத்தின் ஒரு மாவட்டம்; பதினெட்டாம் நூற்றாண்டில் நேபாளத்தை ஒன்றிணைத்த அரசு அங்கிருந்து கிளம்பியது. பிரித்தானியப் படையில் அது படைப்பிரிவின் பெயராயிற்று. நம் தெருக்களிலோ விசிலூதி, மாதம் பிறந்தால் வீடுவீடாகப் பணம் கேட்டு வருகிறவர் எவராயினும் அவர் கூர்க்கா. எங்கள் காவலர் கோர்க்காவைக் கண்டதே இல்லை. அவர் ஊர் நேபாளத்தின் தொலைமேற்கில் உள்ள அச்சாம். 1950ஆம் ஆண்டின் இந்திய-நேபாள உடன்படிக்கை திறந்துவைத்த எல்லை வழியாக அப்பகுதியினர் தலைமுறை தலைமுறையாக மும்பைக்கு வந்து உழைக்கின்றனர். நான் அவரை 'தாஜு' என்று அழைக்கக் கற்றுக்கொண்டேன். நேபாளியில் அண்ணன் என்று பொருள்.

மாஹிம் நிலையத்தின் மேம்பாலத்தைக் கடந்து கிழக்கே இறங்கினால் தாராவி. ஒரு பக்கம் தர்காவும் கடற்கரையும். மறுபக்கம் தண்டவாளத்தை ஒட்டி நெருங்கிய கூரைகள். ஒரு காலத்தில் இது மாஹிம் கழியின் ஓரத்தில் கோலி மீனவர்கள் வாழ்ந்த கோலிவாடா. கழி தூர்ந்து மீன்பிடிப்பு நலிந்த நிலத்தில் 1887இல் முதல் தோல் பதனிடும் கூடம் வந்தது என்று தாராவி வரலாற்றில் குறிக்கப்படுகிறது. நகரத்தின் உள்ளே வேண்டப்படாத தொழில் நகரத்தின் விளிம்புக்கு வந்தது. இறைச்சிக்கூடம் கழிக்கு அப்பால் பாந்திராவில் இருந்தது. ஈரத்தோல் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கூடங்களில் பெரும் பங்கு திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களுடையது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் அதே மாவட்டத்து ஆதிதிராவிடர்கள். 1876-78 பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம். நிலமற்றவர்களுக்கு இரயில் புதிதாகத் திறந்த வழி. தாராவியின் பெரிய பள்ளிவாசலுக்கும் 1887ஆம் ஆண்டே சொல்லப்படுகிறது. பிள்ளையார் கோயிலுக்கு 1913.

ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் அதன் பெயர் 'தோல் ஷாப்பு'தான். உப்பிட்ட தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் கொழுப்பையும் சீவி, பட்டைச்சாறு நிறைந்த தொட்டிகளில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பது தென்னாட்டு முறை. பட்டை என்றால் ஆவாரம்பட்டை. நிறம் காக்கக் கடுக்காய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் சந்தை இத்தோலைக் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயரிட்டு வாங்கியது. ஈ.ஐ. என்ற அந்த இரண்டெழுத்து முத்திரை கம்பெனி மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பின்னும் தமிழ்நாட்டுத் தோல் வணிகத்தில் உயிரோடு இருக்கிறது. ஆவாரம் குறைந்ததும் சீகை இனத்து வாட்டில் பட்டை அதன் இடத்துக்கு வந்தது. 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. இன்று உலகத் தோலில் பெரும்பகுதி குரோம் தோல். இந்த வேறுபாடு பின்னர் நம் உறைக்கு வேண்டியிருக்கும்.

1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போனது. அதைத் தொடர்ந்து தாராவியின் தோல் ஷாப்புகளும் ஒவ்வொன்றாக வெளியேறின அல்லது மூடப்பட்டன. எஞ்சியது தோற்பொருள் செய்யும் பட்டறைகள். இப்போது சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பதனிட்ட தோல் வருகிறது. பையாகவும் கச்சையாகவும் பணப்பையாகவும் வெளியே போகிறது. 2015இல் மகாராஷ்டிரம் காளை, எருது வெட்டுவதையும் தடைசெய்த பின் எருமைத்தோலும் ஆட்டுத்தோலுமே உள்ளூரில் கிடைப்பவை.

நான் தேடிப்போன பட்டறை ஏணி ஏறிச் சேர வேண்டிய ஒரு மாடி அறை. மூன்று தையல் இயந்திரங்கள், தோலின் ஓரத்தை மெலிதாக்கும் பொறி ஒன்று, சுவரில் கணக்கெடுப்பாளர்கள் எழுதிப்போன எண். பெரியவருக்கு எழுபது வயது கடந்திருக்கும். அவருடைய பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் ஷாப்பில் குழிவேலை பார்த்தவர். தந்தையும் அதே வேலை. இவர் சிறு வயதிலேயே தையலுக்கு மாறிக்கொண்டவர். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது: "தம்பி, கத்தியக் கொண்டாந்து இங்க வைக்காதிய. அளவ மட்டும் கொண்டாங்க."

அவர் அச்சம் நியாயமானது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியதாக இல்லாதபோது, ஆயுதச் சட்டவிதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். எங்கள் குக்குரியின் அலகு பன்னிரண்டு அங்குலம். அகன்ற இடத்தில் இரண்டரை. குக்குரி நேபாள மலையில் விறகு வெட்டும், ஆடு அறுக்கும், கீரை நறுக்கும் என்று வாதிடலாம். ஆனால் தாராவியில் ஒரு பட்டறையில் அது கிடந்தால் கேள்வி கேட்கப்படுபவர் பட்டறைக்காரர். ஆகவே அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு போனேன். அவர் நான்கே நாளில் தடித்த தோலை மடித்து, விளிம்பில் இரட்டைத் தையல் போட்டு, நேர்த்தியான ஓர் உறையைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துவந்து கத்தியை நுழைத்தால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தாஜு சற்று அழுத்தினார். அலகு தையலை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

தவறு என்னுடையது. அட்டைக்குத் தடிப்பும் கிடையாது, கூரும் கிடையாது. குக்குரி முன்பக்கமாக வளைந்தது. கூர் வளைவின் உட்புறத்தில் இருக்கிறது. பிடிக்கு அருகே கழுத்து ஒடுங்கி, நுனிக்கு முன்னால் வயிறு அகன்றிருக்கும். எங்கள் கத்தியில் கழுத்து ஒன்றேகால் அங்குலம், வயிறு இரண்டரை. ஆகவே உறையின் வாய் வயிற்றை விழுங்கும் அளவுக்கு அகலமாக இருந்தாக வேண்டும். கத்தி முழுதும் இறங்கிய பின் அந்த வாயில் நிற்பதோ ஒடுங்கிய கழுத்து. அவ்விடத்தில் பிடிப்பே இருக்காது. கத்தியை உள்ளே நிறுத்திவைப்பது அலகின் இரு பக்கங்களையும் தழுவிப் பிடிக்கும் மரம். அதனால்தான் நேபாளத்தில் உறையை இரண்டு மரப்பாதிகளில் குடைகின்றனர். இந்தக் கத்தியை வைத்துப் பார்த்து, இந்தக் கத்தியின் வயிற்றுக்குக் குடைந்து, பாதிகளை ஒட்டி, நனைத்த எருமைத்தோலை மேலே இழுத்துப் போர்த்திப் பின்புறம் தைத்து, நுனிக்குப் பித்தளைக் குப்பி போடுவார்கள். பின்பக்கத்துப் பையில் இரண்டு குட்டிக் கருவிகள் இருக்கும்: சிறு கத்தியான கர்தா, தீமூட்டவும் கூரைத் தேய்க்கவும் மழுங்கிய சக்மக். கையால் அடித்த இரண்டு குக்குரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே ஒரு குக்குரியின் உறை மற்றொன்றுக்கு ஏற்பதில்லை. அளவெடுத்துச் செய்வது இதில் ஆடம்பரமன்று. வேறு வழி கிடையாது.

மரம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். தோலில் தங்கும் பதனிடு பொருள்கள் எஃகைத் துருவேற்றும். குரோம் தோலின் உப்புகள் அதில் மோசமானவை. பட்டைத்தோலின் துவர்ப்பும் இரும்பைக் கறுக்கச் செய்யும். இடையில் மரம் இருந்தால் அலகு தோலைத் தொடுவதில்லை. மேலே போர்த்தும் தோல் மட்டும் பட்டைத்தோலாகவே இருக்க வேண்டும். அது நனைந்து, இழுபட்டு, காயும்போது கிடைத்த வடிவத்தைப் பற்றிக்கொள்ளும். குரோம் தோல் மீண்டும் தளர்ந்துவிடும்.

நேபாளத்தில் இந்த வேலை இரண்டு சாதிகளுக்கு இடையே பிரிந்திருந்தது. அலகை அடிப்பவர் காமி. உறையைப் போர்த்துவது சார்க்கி. 1854இல் ஜங் பகதூர் ராணா இயற்றிய முலுக்கி ஐன் என்னும் சட்டத்தொகுப்பு நாட்டு மக்கள் அனைவரையும் சாதி அடுக்குகளில் நிறுத்தியது. காமியும் சார்க்கியும் கடைசி அடுக்கு: அவர்கள் கைநீர் செல்லாது, தொட்டால் நீர் தெளித்துத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். 1963இன் புதிய சட்டத்தொகுப்பு இந்த அடுக்கை நீக்கியது. தீண்டாமையைக் குற்றமாக்கும் தனிச்சட்டத்தை 2011இல் நேபாளம் இயற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்து முந்தையதன் பயனை அளந்துகொள்ளலாம். சார்க்கி நீட்டிய நீரை வாங்காத கை, சார்க்கி தைத்த உறையை இடுப்பில் செருகிக்கொண்டது. குக்குரியைப் பற்றி ஆங்கிலத்தில் குவிந்திருக்கும் நூல்களில் அலகின் வளைவுக்கும் பிடியருகே உள்ள சிறு வெட்டின் பொருளுக்கும் பல பக்கங்கள் உண்டு (பசுவின் குளம்பு, சிவனின் சூலம், குருதி வடியும் வாய் என்று ஆளுக்கொரு விளக்கம்). உறைக்குப் பெரும்பாலும் ஒரு பத்தி.

குக்குரியின் புகழ் ஒரு போர்க்குறிப்பேட்டுப் புகழ். 1814-16 ஆங்கிலேய-நேபாளப் போரில் எதிரியிடம் கண்ட துணிவை மெச்சிய கம்பெனி, 1815லிருந்தே அவர்களைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. பின்னர் அது கோட்பாடாயிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போர்க்குணம் இழந்தவர்கள் என்று முடிவுகட்டினார். வடமேற்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆளெடுப்பது பெருகியது. சென்னைப் படையில் காலாட்பிரிவுகள் குறைக்கப்பட்டன. தமிழ்ப் பறையர்களுக்குச் சென்னைச் சுரங்கப் பொறியியல் பிரிவில் மட்டும் இடம் நிலைத்தது. இதே அலையில் மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் படையின் கதவு அடைந்தது. அம்பேத்கரின் தந்தை படையில் சுபேதாராக இருந்தவர் என்பதை நினைத்தால் அது எத்தகைய கதவு என்பது விளங்கும். நேபாளத்திலும் ஆளெடுப்பு மகர், குருங், ராய், லிம்பு இனத்தவரை நாடியது. காமியும் சார்க்கியும் பொதுவாகச் சிப்பாய்கள் ஆக்கப்படவில்லை. படைமுகாமின் கைவினைஞர்களாக உடன் போயினர்.

1887 இந்த ஆண்டுகளின் நடுவே வருகிறது. சென்னைப் படையிலிருந்து கழிக்கப்பட்டவர்களே தாராவிக்கு வந்தனர் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் சாதியையும் வீரத்தையும் அட்டவணைப்படுத்திய அதே பத்தாண்டுகளில், ஒரு நிரலில் 'வீர இனம்' என்றும் இன்னொரு நிரலில் 'அசுத்தத் தொழில்' என்றும் எழுதப்பட்டோர் இன்று ஒரே இரயில் நிலையத்தின் இரண்டு பக்கங்களில் வாழ்கின்றனர்.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். இந்தோ-ஆரிய ஒப்பிலக்கண அகராதி தந்த ரால்ஃப் லில்லி டர்னர், முதல் உலகப்போரில் கூர்க்காப் படைப்பிரிவில் பணியாற்றியவர். 1931இல் வெளிவந்த அவருடைய நேபாளி மொழி அகராதி, உடன் போரிட்ட வீரர்களை நினைக்கும் முன்னுரையோடு தொடங்குகிறது. அதிலுள்ள சொற்களே 1997இல் இலண்டனில் திறக்கப்பட்ட கூர்க்கா நினைவுச்சிலையின் பீடத்தில் பொறிக்கப்பட்டன. ஓர் அகராதியின் முன்னுரை கல்லில் ஏறுவது நம் துறையில் அடிக்கடி நடப்பதன்று. அந்த முன்னுரை உண்மையான அன்பிலிருந்து எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பீடத்துக்கு வீரன் மட்டுமே போக முடிந்தது. கொல்லனும் தோல்வினைஞனும் அகரவரிசைக்குள் தங்கிவிட்டனர்.

நம் பக்கமும் கதை வேறன்று. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளைப் பகிர்ந்தளிக்கிறார்: தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு. தோல்வினைஞனுக்கு அங்கே இடமில்லை. பதிற்றுப்பத்தில் புலித்தோல் உறையிலிருந்து உருவிய ஆயுதம் மின்னலைப்போல் ஒளிர்கிறது. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர் யார் என்பதைக் கவிஞர் கேட்கவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய 82ஆம் பாடல். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறவன் எப்படியாவது வேலையை முடித்து எழ வேண்டும். அவன் கையிலுள்ள ஊசி ஓடிய விரைவு அரசனின் போருக்கு உவமையாகிறது. அவனைக் குறிக்கும் 'இழிசினன்' என்ற சொல்லிலேயே இழிவு ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அரசனை அளக்கப் புலவர் எடுத்த கோல் அவன் ஊசி. சங்கப் பாடல்களில் தோல் தைக்கும் கையை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த இன்னோர் இடம் என் நினைவில் இல்லை.

இரண்டாம் முறை போனபோது பெரியவரிடம் தோல்வியைச் சொன்னேன். பிளந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமில்லை, நாணம் இருந்தது. "அட்டயப் பாத்துச் செஞ்சது எந்தப்பு. கத்தியக் கொண்டாங்க, பகல்லயே முடிச்சு பகல்லயே கொண்டுபோயிருங்க." தாஜுவே விடுப்பெடுத்துக் கத்தியோடு வந்தார். அடுத்த சந்தில் இருந்த தச்சர், இடித்த பழைய கட்டிடம் ஒன்றின் தேக்குச் சட்டத்திலிருந்து இரண்டு பலகைகளை அறுத்தார். மரம் ஏற்கெனவே அறுபது எழுபது ஆண்டு காய்ந்திருந்தது, இனி நெளியாது. அலகின் மேல் அடுப்புக்கரியைத் தடவி மரத்தின் மேல் வைத்து எடுப்பது, கரி பட்ட இடத்தைக் குடைவது, மீண்டும் வைப்பது என்று ஒரு பகல் முழுதும் ஆயிற்று. மாலையில் பாதிகளைச் சேர்த்து நூலால் கட்டி, கத்தியை நுழைத்து, தலைகீழாகப் பிடித்தார் தச்சர். கத்தி விழவில்லை. மெல்ல இழுத்ததும் வந்தது.

தோலுக்குப் பெரியவர் தம் இருப்பிலிருந்தே எடுத்தார். திண்டுக்கல்லிலிருந்து வந்த பட்டைத்தோல், எருமை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கசப்பும் இனிப்புமான ஒரு மணம். தோல் ஷாப்பிலிருந்து தம் தந்தை வீடு திரும்பும்போது இதுவே நாற்றமாக வரும் என்றார். பள்ளிக்கூடத்தில் இவர் சட்டையிலும் அது இருக்குமாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நனைத்த தோலை மரத்தின் மேல் இழுத்து, முதுகுப்பக்கம் குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் கையாலேயே தைத்தார். இயந்திரம் இந்த வளைவுக்கு உதவாது. பணிப்பேரேட்டில் அவருடைய பேரன் எழுதியிருந்தான்: 'கூர்க்கா கத்தி கவர் - 1'. நான் 'உறை' என்று சொல்லும்போதெல்லாம் பெரியவர் 'கவர்' என்றார்; தச்சர் 'மியான்' என்றார்; தாஜு 'தாப்' என்றார். எவருக்கும் எவர் சொல்லும் புரியாமல் போகவில்லை.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு, மாணவர்களுக்காக. உறை என்பது திராவிட மொழிகளில் பழஞ்சொல்: மலையாளத்தில் உற, கன்னடத்தில் ஒறெ, தெலுங்கில் ஒற. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்ற பழமொழி தெலுங்கிலும் உண்டு. இந்தியில் அதுவே மியானும் தல்வாரும் ஆகிறது. தமிழில் தடறு என்றொரு சொல்லும் உறைக்கு இருந்தது, வழக்கொழிந்தது. வாழ்தலைக் குறிக்கும் உறை, பாலில் இடும் உறை, மழைத்துளியாகிய உறை ஆகியன ஒலியால் ஒன்றுபட்டவை. அவற்றை இழுத்துவந்து 'கத்தி வாழும் வீடே உறை' என்று கட்டுரையைத் தொடங்குவோர் ஆண்டுதோறும் இருவராவது எனக்கு வாய்க்கின்றனர். அழகாகத்தான் இருக்கிறது. சான்று வேண்டும்.

ஆயுத பூசையும் நேபாள நவமியும் ஒரே நாளில் வருகின்றன. அன்று பட்டறையில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் சாமந்திச் சரமும் இட்டிருந்தனர். குத்தூசியும், தோல் சீவும் ராபியும் ஒரு பலகையில் கழுவி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் அருகே புதிய உறையில் குக்குரி. தோல் காய்ந்து மரத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. தச்சருக்கு அறுநூறு, தோலுக்கு எழுநூறு, தையலுக்கு ஆயிரம். முதல் உறைக்குக் கணக்கில்லை என்றார் பெரியவர். தாஜு எண்ணிக் கொடுத்தார்.

பெரியவர் உறையின் கூர்ப்பக்கத்தைப் பற்றி எடுத்து நீட்டியபோது, தாஜு பதறி அவர் விரல்களை முதுகுப்பக்கம் நகர்த்தினார். உருவும்போது அலகு உறையை அறுத்துக்கொண்டு வந்தால் விரல் போய்விடும். குக்குரியை எப்போதும் முதுகில்தான் பிடிக்க வேண்டும். தம் தந்தை சொல்லித்தந்தது என்றார்.

"அப்பா பட்டாளத்துலயா?" என்று பெரியவர் கேட்கச் சொன்னார். எனக்கு விடை தெரியும் என்றே நினைத்திருந்தேன். ஆறு வாரமாக அப்படித்தான் எண்ணியிருந்தேன். மொழிபெயர்த்துக் கேட்டேன். இல்லை என்றார் தாஜு. அப்பா படையில் சேரவில்லை, எங்களை யார் சேர்த்தார்கள்? அந்தக் கத்தியை அடித்தவர் அவர். அவர் காமி. மும்பைக்கு வந்தபின் தம் குடும்பப்பெயரை மாற்றிச் சொல்லிவருவதாகவும், கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். பகதூர் என்று கூப்பிடுவதில் அந்த ஒரு வசதி உண்டு, அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

பெரியவருக்கு நான் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய உறையைப் போர்த்தியது யார் என்று மட்டும் கேட்டார். ஊரில் ஓடைக்குக் கீழே வீடிருந்த ஒரு சார்க்கி என்றார் தாஜு. கத்திக்கும் உறைக்கும் காசு கைமாறுவதில்லையாம். அறுவடையில் இருவருக்கும் ஊரார் தானியம் அளப்பார்கள். நம் களத்துமேட்டுக் கூலியைப் போல.

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அவுக வீட்டுல தண்ணி குடிச்சிருக்காகளான்னு கேளுங்க தம்பி" என்றார்.

கேட்டேன். தாஜு உடனே பதில் சொல்லவில்லை. அப்பா குடிக்கமாட்டார் என்றார் பிறகு. தாம் சிறுவனாக இருந்தபோது, உறை வாங்கப் போன நாளில், யாரும் பார்க்காமல் குடித்திருக்கிறாராம். நான் அதைத் தமிழில் சொன்னதும் பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேரனைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னார், மூன்று.